ஒன்பது துண்டு கறுப்பு டேப்

அம்மிணி,

இன்று காலை இஸ்திரிப் பெட்டியின் வயர் ஓரிடத்தில் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. என் பேத்தி தெருமுனைக் கடைக்குப் போய்க் கறுப்பு டேப் ஒரு சுருள் வாங்கி வந்தாள். பல்லால் கடித்துத் துண்டாக்கி, வயரைச் சுற்றி ஒட்டி, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். புது டேப்புக்கு ஒரு வாடை உண்டல்லவா, ரப்பரும் தாரும் கலந்த மாதிரி. அந்த வாடை வந்ததும் நான் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டேன்.

"ஏன் அஜ்ஜி, கையக் கிழிச்சுக்கிட்டியா?" என்றாள்.

"இல்ல சாமி, நீ ஒட்டறதப் பாத்துட்டு இருந்தேன்."

"இதுல பாக்க என்ன இருக்கு? ஒட்டிட்டு நல்லா அழுத்தணும். இல்லாட்டி எந்திரிச்சுக்கும்."

பதினேழு வயதுப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்கிறது. எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், கேட்க நீங்கள் இல்லாமல் போன பிறகு.

மைசூருக்கு வெளியே இருந்த அந்தத் துணி ஆலையில் நீங்கள் மின்சாரப் பிரிவுக்கு இன்ஜினியர். நான் கூட்டித் துடைக்கிறவள். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பேத்தி பிறந்துவிட்டதால் ஆலை முழுவதற்கும் நான் அஜ்ஜி. நீங்கள் ஒருவர்தான் "அக்கா" என்று கூப்பிட்டீர்கள். நாலு பேர் முன்னால் நான் உங்களை மேடம் என்பேன்; தனியாக இருந்தால் எங்கள் ஊர் வழக்கப்படி அம்மிணி. முதல் நாள் நீங்கள் "அக்கா, செத்த இங்க வாங்கோ" என்றபோது, இதுவும் தமிழா என்று விழித்தேன். நீங்களும் எங்கள் கௌதள்ளி ஊர்த் தமிழைக் கேட்டுச் சிரித்தீர்கள். "நீங்க பேசறதுல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' வால் இருக்கே அக்கா" என்றீர்கள். "உங்களுக்கு மட்டும் வால் இல்லீங்களா? வாங்கோ, போங்கோன்னு ஓகாரத்துல இழுக்கறீங்களே" என்றேன். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு நமக்கு ஒரே இடத்தில்தான், மின்சார அறைக்கு வெளியே இருந்த சிமென்ட் பெஞ்சில்.

அந்தக் கேமராவை ஆலைக்குள் கொண்டுவர நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டு வருடம் மேனேஜரிடம் மல்லுக்கு நின்றீர்கள். கண்ணுக்குத் தெரியாத சூட்டை அது படமாகக் காட்டும், மின்சாரத்தை நிறுத்தாமலேயே எந்த ஜாயிண்ட் காய்கிறது என்று தூர நின்று பார்த்துவிடலாம் என்றீர்கள். கடைசியில் பெங்களூரிலிருந்து வாடகைக்கு வந்தது. கல்யாண வீட்டு வீடியோ கேமராவைவிடப் பெரியது. பிளாஸ்க்கிலிருந்து எதையோ அதன் தலையில் ஊற்றினீர்கள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வழிந்து தரையில் ஊர்ந்தது. "சாம்பிராணி போடறாங்க" என்று சிவண்ணா கன்னடத்தில் கேலி செய்தான். சிவண்ணா எலக்ட்ரீஷியன், உங்கள் கீழே வேலை செய்தவன். நல்லவன்தான். ஆனால் ஒரு பெண்ணிடம் வேலை கேட்டுச் செய்வது அவனுக்கு முள்ளாகக் குத்தியது. உங்களுக்குக் "கேமரா மேடம்" என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

அந்த முதல் சுற்றிலேயே, பெரிய பேனலுக்குள் இருந்த செம்புப் பட்டைகளில் நாலாவது ஜாயிண்ட் கொஞ்சம் காய்கிறது என்று கண்டுபிடித்தீர்கள். ஆயுத பூஜைக்கு மின்சாரம் நிறுத்தும்போது அந்த போல்ட்டை முறுக்கிவிடச் சொல்லிச் சிவண்ணாவிடம் எழுதிக் கொடுத்தீர்கள். பூஜை முடிந்த மறு வாரம் கேமரா திரும்ப வரும், சூடு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம் என்பது ஏற்பாடு. ஒன்பது ஜாயிண்டிலும் நீங்கள் ஒட்டியிருந்த கறுப்பு டேப் துண்டுகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம், அடுத்த சுற்றுக்காக அங்கேயே இருந்தன.

அவை எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். சாணி மெழுகிய தரையைக்கூடக் கண்ணாடியாக்கிக் காட்டுவேன் என்று சொல்லித் திரிந்த காலம் அது. துடைப்பதைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்ல இருக்கிறது என்று நினைத்தேன்.

மைசூரில் ஆயுத பூஜை என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மாலையும் வாழைக்கன்றும் இல்லாத சைக்கிளைக்கூட அன்றைக்குப் பார்க்க முடியாது. பூஜைக்கு முந்திய நாள் மின்சாரத்தை நிறுத்தினார்கள். சிவண்ணா பேனல் கதவைத் திறந்து, ஸ்பேனரால் எதையோ முறுக்கினான், ஊதினான். "அஜ்ஜி, தூசி மட்டும் தட்டிவிடு, நான் பூவும் பூசணிக்காயும் வாங்கிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டான். மறுநாள் காலை முதலாளி வந்து அந்தப் பேனலுக்குத்தான் முதல் ஆரத்தி காட்டப்போகிறார். நான் உள்ளே பார்த்தேன். நல்ல செம்பு, அம்மிணி. பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறி, நடுநடுவே அழுக்கு ஒட்டியது போல டேப் துண்டுகள். சாமிக்கு வைக்கிற செம்பை யாராவது இப்படி வைப்பார்களா?

என் சாப்பாட்டுப் பையில் புளி இருந்தது. ஒன்பது துண்டையும் பிய்த்து ஒரு செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன். புளி போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினேன். முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. சிவண்ணா திரும்பி வந்து பார்த்தான்.

"அய்யோ அஜ்ஜி! அது மேடம் ஒட்டினதல்லவா! என்னைக் கொன்னுடுவாங்க!"

"அதுக்கென்னப்பா, ஒட்டிட்டாப் போச்சு."

அதே துண்டுகளை அதே இடத்தில் திரும்ப ஒட்டினேன். செம்பில் இன்னும் ஈரப்பசை இருந்தது; டேப்பின் கோந்தில் தூசி ஏறியிருந்தது. விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினேன், நின்றுகொண்டது. முன்னால் நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மறுநாள் முதலாளி ஆரத்தி காட்டிவிட்டு, "யார் இதைத் துடைத்தது?" என்று கேட்டு, என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். நீங்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினீர்கள்.

மறு வாரம் கேமரா வந்தது. இரண்டு நாள் வாடகை. பேனல் கதவைத் திறந்ததும் நீங்கள் குனிந்து உள்ளே பார்த்தீர்கள்.

"என்னக்கா இது, கண்ணாடி மாதிரி பண்ணி வெச்சிருக்கேள்! என் மூஞ்சி தெரியறது."

"நான்தானுங்க மேடம்" என்றேன். பெருமை தாங்கவில்லை.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா இப்படிப் பளபளன்னு இருந்தா எனக்குக் கஷ்டம். பரவாயில்லை, டேப் இருக்கே." கேமராவை நாலாவது ஜாயிண்டின் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "இறங்கிடுத்து சிவண்ணா! போன தடவைக்கு இப்போ எவ்வளவோ மேல். நன்னா முறுக்கியிருக்கேள்." சிவண்ணா தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

அம்மிணி, இதுவரை நடந்தது தெரியாமல் செய்த பிழை. அடுத்த நாள் மத்தியானத்தை அப்படிச் சொல்ல முடியாது.

சாயங்காலம் கேமராவைத் திருப்பி அனுப்ப வேண்டும். சாப்பாட்டு நேரத்தில், "அக்கா, உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டறேன்" என்று என் சாப்பாட்டுத் தூக்குப்போசியை வாங்கினீர்கள். நான் தினமும் துலக்கித் துலக்கி வெள்ளிபோல வைத்திருந்த போசி. கேன்டீனிலிருந்து கொதிக்கிற வெந்நீர் வாங்கி அதில் ஊற்றினீர்கள். ஒரு துண்டு கறுப்பு டேப்பை வெளிப்பக்கம் ஒட்டி, கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்தீர்கள். பிறகு என்னைக் கேமராவின் சின்னத் திரையைப் பார்க்கச் சொன்னீர்கள். சூடு என்றால் வெள்ளை, குளிர்ச்சி என்றால் கறுப்பு. போசி முழுக்க மங்கிக் கறுத்துக் கிடந்தது. டேப் ஒட்டிய இடம் மட்டும் பூரணச் சந்திரன் போல வெள்ளையாக எரிந்தது.

"தொட்டுப் பாருங்கோ, எது சூடு?"

தொட்டேன். இரண்டும் ஒன்றாகத்தான் சுட்டது.

"பாத்தேளா! ரெண்டும் ஒரே சூடு. பளபளன்னு இருக்கறது தன் சூட்ட வெளிய விடாது. எதிர்த்தாப்பல நிக்கறவாளோட சூட்டத்தான் திருப்பிக் காட்டும். அதோ பாருங்கோ, போசியில மங்கலா ஒரு உருவம் தெரியறதே, அது நீங்கதான். கறுப்புத்தான் நிஜம் சொல்லும் அக்கா."

"அப்ப அந்தப் பேனல்ல ஒட்டியிருக்கறது..."

"அதேதான். அது இல்லேன்னா கேமராவுக்குக் கண்ணு அவிஞ்சாப்பல. ஒட்டினா மட்டும் போறாது. இப்படி நகத்தால அழுத்தணும். நடுவுல காத்துப் புகுந்துடுத்துன்னா டேப்பு தனியாக் குளுந்து போயிடும். நாம செம்போட சூட்டப் பாக்கறதா நெனச்சுண்டு, வெறும் டேப்போட சூட்டப் பாத்துண்டிருப்போம்."

என் கையில் தயிர்சாதம் இருந்தது. ஈரப்பசை, தூசி, விரல் நுனியால் தட்டிய தட்டு எல்லாம் கண் முன்னே வந்தன. கேமரா இன்னும் பெஞ்சின் மேல்தான் இருந்தது. சாயங்காலம்வரை நேரம் இருந்தது. "அம்மிணி, அதை நான் பிச்சு ஒட்டினேனுங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். புது டேப் ஒட்டி மறுபடி பார்த்திருப்பீர்கள். திட்டியிருக்கக்கூட மாட்டீர்கள்.

"என்னக்கா யோசனை?" என்றீர்கள்.

"ஒண்ணுமில்லீங்க, போசி இத்தனை பொய் சொல்லும்னு தெரியலீங்க" என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

வேலை போய்விடும் என்ற பயம் என்று சிலகாலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பாதிகூட உண்மை இல்லை. சால்வை போர்த்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் துடைத்தது தப்பு என்று என் வாயாலேயே சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவுதான். வேறு ஒரு காரணமும் இல்லை. சிவண்ணாவிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "சும்மனிரு அஜ்ஜி" என்றான். பேசாமல் இரு என்று. போல்ட்டைத் தான் நன்றாக முறுக்கியதாகச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் சொன்னதை நம்புவது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

பதினோரு நாள் கழித்து, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, பேனல் வெடித்தது. நாலாவது ஜாயிண்ட். நான் கீழே தறிக்கூடத்தில் இருந்தேன். இடி விழுந்தது போல ஒரு சத்தம், பிறகு அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றுபோன அமைதி. கதவைத் திறக்கப் போன சிவண்ணாவின் வலது கை மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. ஆலை பன்னிரண்டு நாள் மூடிக் கிடந்தது. அத்தனை வீட்டுத் தீபாவளியும் போயிற்று.

விசாரணை நடந்த நாள், உங்கள் காகிதத்தைத்தான் எடுத்து மேஜைமேல் போட்டார்கள். எல்லாம் சரி என்ற கையெழுத்து. "படம் பார்த்து ஜோசியம் சொன்னீர்களே மேடம், கிரகம் மாறிப்போச்சா?" என்று மேனேஜர் கேட்டது வராந்தாவில் நின்ற எனக்கே கேட்டது. நீங்கள் வெளியே வந்தீர்கள். அழவில்லை. நேராக என்னிடம் வந்தீர்கள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். செம்பத் தொடைச்சேளே, அப்போ டேப்பைத் தொட்டேளா?"

"இல்லீங்க அம்மிணி. டேப்பைத் தொடாமத்தான், சுத்திச் சுத்தித் தொடைச்சனுங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது! "சுத்திச் சுத்தி" என்று கையால் வட்டம்கூடப் போட்டுக் காட்டினேன். நீங்கள் என் தோளில் கை வைத்து, "கேட்டதுக்குத் தப்பா நெனச்சுக்காதேங்கோ. அப்போ நான்தான் சரியாப் பாக்கலை" என்றீர்கள். நான் பொய் சொல்லக்கூடும் என்ற எண்ணம்கூட உங்களுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு கேமரா வரவில்லை. உங்களை ஸ்டோர் ரூமில் பெட்டி எண்ணுகிற வேலைக்கு மாற்றினார்கள். மத்தியானம் பெஞ்சுக்கு வருவீர்கள், பேச்சு குறைந்துவிட்டது. சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நாலாவது" என்று வாய்க்குள் ஏதோ கணக்குப் போடுவீர்கள். ஒவ்வொரு நாளும், இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாள் ஆக ஆக, பிழையைச் சொல்வது ஒரு பங்கு, மறைத்ததைச் சொல்வது பத்துப் பங்கு என்று ஆகிவிட்டது. வருடம் திரும்புவதற்குள் வேலையை விட்டுவிட்டு மேல்கோட்டைக்கு, உங்கள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். போகும்போது எனக்கு ஒரு புதுத் தூக்குப்போசி கொடுத்தீர்கள். நான் வாங்கிக்கொண்டேன். எப்படி வாங்கினேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன வாரம் சிவண்ணா எங்கள் மண்டி மொஹல்லாச் சந்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, நீங்கள் தவறிப்போன செய்தியைச் சொன்னான். அவனுடைய வலது கை இன்னும் முழுதாக மடங்காது. "நாம ரெண்டு பேரும் சேர்ந்து போகலாமா அஜ்ஜி?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. நான் தனியாகப் போனேன்.

உங்கள் தம்பி என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "அக்கா அக்கான்னு உங்களப் பத்திச் சொல்லிண்டே இருப்பா" என்றார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து பிரித்துக் காட்டினார். பக்கம் பக்கமாகக் கணக்கு. எனக்குக் கணக்குப் புரியாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 4 என்று போட்டு வட்டமிட்டிருந்தது தெரிந்தது. "டேப் இருந்துதே, என் கண்ணால பாத்தேனே, எங்க தப்புப் பண்ணினேன்னு கடைசி வரைக்கும் இதே. படுக்கையில கெடந்தும் இதே. எங்களுக்கு ஒண்ணும் புரியலை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எதற்காகப் போனேனோ அதையே அவர் கேட்டார். நான், "காப்பி நல்லா இருக்குதுங்க" என்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் கௌதள்ளி இன்னும் மைசூரோடு சேரவில்லை, கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது, பள்ளியில் தமிழ். அந்த எழுத்துத்தான் என் கையில் இருக்கிறது. பாதி எழுதிய பிறகுதான் உறைத்தது. உங்கள் வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவதும் படிப்பதும் கன்னடம். நீங்கள் உயிரோடு இருந்திருந்தாலும் இதைப் படித்திருக்க முடியாது. உங்கள் தம்பியும் படிக்க முடியாது. என் பேத்தியும் படிக்க மாட்டாள். தெரிய வேண்டியவர்கள் யாரும் படிக்க முடியாத எழுத்தில் உண்மையைச் சொல்லி, சொல்லிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கப் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்தச் "சுத்திச் சுத்தி" போலத்தான்.

ஆகவே மத்தியானம் பேத்தியைக் கூப்பிட்டுக் காகிதம் எடுத்து உட்காரச் சொன்னேன். எனக்குச் சால்வை போர்த்திய போட்டோவைத் தன் சிநேகிதிகளிடம் காட்டி, எங்க அஜ்ஜிக்கு முதலாளியே மரியாதை செய்தார் என்று சொல்கிற பெண் அவள். அவளுக்குத் தெரியாமல் இதை யாரையாவது வைத்து எழுதிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன், அம்மிணி. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

உங்கள் தம்பி பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். பிறகு ஆயுத பூஜைக்கு முந்திய நாளிலிருந்து கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவள் தலை நிமிராமல் எழுதினாள். புளியைச் சொன்னேன், செம்பைச் சொன்னேன். அந்த வாக்கியம் வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது போலிருக்கிறது. அவள் பேனாவை நிறுத்தினாள். தொட்டேன் என்பதற்குக் கன்னடத்தில் முட்டிதே. தொடவில்லை என்பதற்கு முட்டலில்ல. இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

"சரியாக் கேக்கல அஜ்ஜி. அந்த டேப்ப நீ முட்டிதேயா, முட்டலில்லவா? எத எழுதட்டும்?"

நீங்கள் கேட்ட அதே கேள்வி.

"முட்டிதேன்னு எழுது சாமி," என்றேன். "ஒம்பதையும்."